டொர்னாடோ வரிசை கட்டி வரும் நாள்: வட அலபாமா கற்றுக்கொண்டவை

டொர்னாடோ என்பது மேகத்தில் இருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்று. 'அவுட்பிரேக்' என்றால் ஒரே நாளில் பல டொர்னாடோக்கள் அடுத்தடுத்து இறங்குவது. ஆனால் பெரும்பாலானோர் தயாராவது ஒரே ஒரு டொர்னாடோவுக்குத்தான். 2011 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இந்தக் கணக்குதான் தப்பாகிப்போனது. விடியற்காலையிலேயே ஒரு புயல் வரிசை மாநிலத்தைக் கடந்துபோனது. மரங்களைச் சாய்த்து, மின்கம்பிகளை அறுத்து, வானிலை எச்சரிக்கையை ஒலிபரப்பும் வெதர் ரேடியோவின் சில டிரான்ஸ்மிட்டர்களையும் ஊமையாக்கிவிட்டுப் போனது. நண்பகலை ஒட்டி வடக்கே இன்னொரு சுற்று. அதன் பிறகு மேகம் விலகி வெயில் அடித்தது. வந்தது போய்விட்டது என்று கிளை வெட்டப் போனவர்கள் உண்டு. உண்மையில் அந்த வெயில்தான் ஆபத்து. தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவில் இருந்து வந்த ஈரக்காற்றைத் தரை மட்டத்தில் சூடேற்றி, மாலைக்கான எரிபொருளை அது நிரப்பிக்கொண்டிருந்தது.

பெரிய டொர்னாடோக்கள் மதியத்துக்கு மேல்தான் வந்தன. ஹாக்கில்பர்க், ஃபில் காம்ப்பெல் ஊர்களைத் துடைத்தெடுத்த ஈஎஃப்5 (டொர்னாடோ அளவுகோலின் உச்சப் படி) தரையைத் தொட்டபடி 130 மைலுக்கும் மேல் ஓடி 72 உயிர்களைக் கொண்டுபோனது. டஸ்கலூசாவில் இருந்து பர்மிங்ஹாமின் வடக்குப் பகுதிவரை 80 மைல் சென்ற ஈஎஃப்4-இல் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு முழுவதும் அன்று ஒரே நாளில் 300-க்கும் மேல். காலைச் சுற்றில் கரண்ட் இழந்த பல வீடுகளில் மாலை எச்சரிக்கையைச் சொல்ல டிவி ஓடவில்லை, வைஃபை இல்லை, போனில் சார்ஜ் இல்லை.

ஆகவே எந்தத் திட்டத்தையும் ஒரு கேள்வியில் வைத்து உரசிப் பார்க்கலாம். காலையிலேயே கரண்ட் போய்விட்டால், மாலை எச்சரிக்கை எனக்கு எந்த வழியில் வந்து சேரும்? ஒரே ஒரு வழிதான் நினைவுக்கு வருகிறது என்றால் திட்டம் இன்னும் முடியவில்லை.

முந்தைய நாளும் காலையும்

ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் கணிப்பு மையம் ஐந்து படிகளில் முன்னறிவிப்பு தருகிறது: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை. இதில் 'ஸ்லைட்' என்ற பெயரைக் கேட்டு அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள், 'மாடரேட்' என்றால் சுமாரானது என்று நினைக்கிறார்கள். மாடரேட் நான்காவது படி. அது வந்தால் அன்றைய பயணம், மாலை வகுப்பு, கடைக்குப் போவது எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதுதான் புத்தி. கூடவே தரும் சதவீதம், உங்களைச் சுற்றி 25 மைலுக்குள் டொர்னாடோ வரும் வாய்ப்பு. 15 சதவீதம் என்பது மழைக் கணிப்பில் அற்பம், டொர்னாடோ கணிப்பில் மிகப் பெரிது.

அன்றைய நாளுக்கான கணிப்பு ஐந்து முறை புதுப்பிக்கப்படும். அமெரிக்க மத்திய நேரப்படி, கோடைக் கடிகாரத்தில் (ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பது), நள்ளிரவு தாண்டி 1 மணி, காலை 8, 11.30, பிற்பகல் 3, இரவு 8. முந்தின இரவு பார்த்த படத்தை மதியம்வரை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். 11.30 பதிப்பில், காலை மழை காற்றைக் குளிர்வித்து ஆபத்தைக் குறைத்ததா, அல்லது வெயில் திரும்பிவிட்டதா என்று தெரிந்துவிடும்.

வாட்ச் என்பது டொர்னாடோ வரலாம் என்ற அறிவிப்பு: பல மணி நேரத்துக்கு, பல கவுண்டிகளுக்கு (மாவட்டம் போன்றவை). வார்னிங் என்பது வந்தேவிட்டது, ஒளியுங்கள் என்ற எச்சரிக்கை: வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும் ஒரு சிறு பலகோணத்துக்கு, அரை முக்கால் மணி நேரத்துக்கு. இந்த வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் செயலில் வருவதில்லை. செய்ய வேண்டிய வேலை அத்தனையும் வாட்ச் நேரத்துக்கானது: ஷூ போடுவது, ஹெல்மெட் எடுப்பது, மூன்றாம் மாடியில் இருந்து இறங்குவது, மொபைல் ஹோமை (அஸ்திவாரம் இல்லாமல் கொண்டுவந்து வைக்கும் இலேசான வீடு) விட்டுக் கிளம்புவது. வார்னிங் வந்தபின் உள்ளே போய்க் கதவைச் சாத்துவது மட்டும்தான். சராசரியாக வார்னிங்குக்கும் டொர்னாடோவுக்கும் இடையே பத்து நிமிடத்தை ஒட்டித்தான் கிடைக்கும். அவுட்பிரேக் நாளில் புயல்கள் மணிக்கு 50, 60 மைல் வேகத்தில் ஓடும். அதாவது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மைல்.

காதுக்கு வந்து சேரும் வழிகள்

வெதர் ரேடியோ வாங்கிப் பெட்டியைப் பிரித்து வைத்தால் மட்டும் வேலை செய்யாது. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகள். வீட்டில் எது தெளிவாக எடுக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, அடுத்து எது கேட்கிறது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ரேடியோவின் அடியில் ஒட்டுங்கள். முதல் டிரான்ஸ்மிட்டர் விழுந்தால் இரண்டாவது தேவைப்படும். பிறகு கவுண்டியின் ஆறு இலக்க எண். ஹன்ட்ஸ்வில் நகரம் இருக்கும் மேடிசன் கவுண்டிக்கு 001089. இந்த எண்ணைப் போடாவிட்டால் டிரான்ஸ்மிட்டர் எட்டும் அத்தனை கவுண்டிக்கும் ரேடியோ அலறும். மூன்று முறை அலறினால் நான்காவது முறை யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பயனில்லாமல் போன ரேடியோக்களில் பல பழுதானவை அல்ல, இப்படிப் பிடுங்கப்பட்டவை.

இன்னொரு விஷயம். ரேடியோ கவுண்டி முழுவதற்கும் ஒலிக்கும், வார்னிங்கோ பலகோணத்துக்குத்தான். கவுண்டியின் மறுகோடியில் போகும் புயலுக்கும் உங்கள் படுக்கையறையில் சத்தம் வரும். அதை 'பொய் எச்சரிக்கை' என்று எண்ணாமல், பலகோணத்தின்படி இயங்கும் ஒரு போன் ஆப்பையும் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். ரேடியோ எழுப்பும், ஆப் நமக்கா என்று சொல்லும். ஆப் ஊமையானால் ரேடியோவை நம்பி உள்ளே போய்விடுங்கள். புதன்கிழமைதோறும் சோதனை ஒலி வரும். வராவிட்டால் ஏதோ சரியில்லை. பேட்டரியை ஆண்டுக்கு இருமுறை, கடிகாரத்தை மாற்றும் நாளில் மாற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பேட்டரி கசிந்து உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை அரித்துவிடும். வெளியே பார்த்தால் ரேடியோ நன்றாகத்தான் இருக்கும், கரண்ட் போன மறுநொடி செத்துவிடும்.

டொர்னாடோ வார்னிங் வந்தால் ஊரில் ஒலிக்கும் சைரனைப் பற்றி இங்கே நடக்கும் விவாதத்துக்கு முடிவே இல்லை. அது வெளியில் இருப்பவர்களை உள்ளே அனுப்பத்தான். ஏசி ஓடும் வீட்டில், நள்ளிரவு இடிமழையில் அது கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பர்மிங்ஹாமின் டிவி வானிலையாளர் ஜேம்ஸ் ஸ்பான் பல வருடங்களாகத் தொண்டை வறளச் சொல்லிவருவது இதைத்தான். சைரன் நின்றால் ஆபத்து நீங்கியது என்றும் பொருளில்லை. அப்படி ஒரு 'முடிந்தது' சைரன் பெரும்பாலான ஊர்களில் வழக்கத்திலேயே இல்லை. 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளினில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு நடந்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லின. முதல் எச்சரிக்கையிலேயே பலர் ஒளியவில்லை. இன்னொரு இடத்தில் இருந்து உறுதி கிடைக்கட்டும் என்று வானத்தைப் பார்த்தார்கள், டிவியைப் பார்த்தார்கள். உறுதிப்படுத்திக்கொள்ளும் ஆசை இயல்புதான். அந்த ஆசைக்கு வாட்ச் நேரத்திலேயே தீனி போட்டுவிடுங்கள்.

ரேடாரைப் பார்ப்பவர்கள்

இலவச ஆப்களில் ஓடும் அழகான, வழவழப்பான படங்கள் இதற்கு உதவாது. ரேடார்ஸ்கோப் போல ரேடாரின் மூலத் தரவை அப்படியே காட்டும் ஆப் வேண்டும். பார்க்க வேண்டிய முதல் விஷயம் படமல்ல, ஸ்கேன் நடந்த நேரம். ஐந்து நிமிடப் பழைய படத்தில் புயல் ஐந்து மைல் பின்னால் நிற்கும். தெருக் குழுவில் நேரம் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டைப் போடக்கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். அரைமணிப் பழைய படம் நாலு குழு சுற்றி வந்து, கடந்துபோன புயலுக்கு ஜனங்களை ஓடவைக்கும். வருகிற புயலுக்கு அவர்கள் ஓட மாட்டார்கள்.

மழைப் படத்தில் சிவப்பாகத் தெரியும் இடத்தைப் பார்த்து அதுதான் டொர்னாடோ என்று நினைப்பது பொதுவான பிசகு. அது பெரும்பாலும் ஆலங்கட்டியும் கனமழையும். நம் பக்கத்துப் புயல்கள் தென்மேற்கில் இருந்து வடகிழக்கே ஓடும்போது, கொக்கி போல வளைந்த வால் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும். மழையும் ஆலங்கட்டியும் முதலில் வந்து, சற்று ஓய்ந்து, பிறகுதான் அந்த வால் வரும். மழை விட்டதே என்று எட்டிப் பார்ப்பவர் அதன் பாதையில்தான் நிற்கிறார். எட்டிப் பார்த்தாலும் அலபாமாவில் ஒன்றும் தெரியாது. குன்று, பைன் மரம், மழைக்குள் மறைந்த சுழல். கான்சாஸ் சமவெளிப் படங்களைப் பார்த்து இங்கே புனல் வடிவத்தைத் தேடக்கூடாது.

அடுத்து வேகப் படத்துக்கு மாறுங்கள். பச்சை ரேடாரை நோக்கி வரும் காற்று, சிவப்பு விலகிப்போகும் காற்று. இரண்டும் உரசிக்கொண்டு அழுத்தமான நிறத்தில், அடுத்தடுத்த ஸ்கேன்களிலும் ஒட்டியே நின்றால் அது சுழற்சி. அதே புள்ளியில் சிசி என்று ஆப்பில் இருக்கும் படத்தைத் திறந்தால் (காற்றில் இருப்பவை எவ்வளவு ஒரே மாதிரி என்று காட்டும் எண் அது), மழை ஒரே சீராக 0.95-க்கு மேல் இருக்கும். பலகை, இன்சுலேஷன், இலை பறக்கும் இடத்தில் 0.8-க்கும் கீழே ஒரு குழி விழும். சுழற்சியும் குழியும் ஒரே இடத்தில் என்றால் டொர்னாடோ ஏற்கெனவே எதையோ உடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் குழி தெரியவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிட முடியாது. ரேடார் கதிர் தொலைவு கூடக்கூட உயரே போய்விடும். 60 மைலில் மிகத் தாழ்ந்த கதிரே சுமார் 4,500 அடி உயரத்தில் போகிறது. அதற்கும் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது. வட அலபாமாவில் உள்ள ஹைடாப் ரேடார் மட்டும் பார்க்காமல் பர்மிங்ஹாம், மிசிசிப்பியின் கொலம்பஸ் என்று மாற்றிப் பார்த்து, புயலுக்கு எது பக்கமோ அதை எடுங்கள்.

அந்தக் கீழ்ப் பகுதியை நிரப்புவதுதான் ஸ்கைவார்ன் (புயலைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் தன்னார்வலர் திட்டம்) பயிற்சி பெற்றவர்களும் ஹாம் ரேடியோக்காரர்களும் (பொழுதுபோக்காக வயர்லெஸ் இயக்குபவர்கள்) செய்யும் வேலை. நல்ல ஒரு தகவலில் நான்கு இருக்க வேண்டும்: நேரம், நிற்கும் இடம், எந்தத் திசையில், என்ன தெரிகிறது. 'பயங்கரமாக இருக்கிறது' என்பது தகவல் அல்ல. கிழிந்து தொங்கும் மேகம் எல்லாம் டொர்னாடோ அல்ல. ஒரு நிமிடம் நிலைத்துச் சுழல்கிறதா என்பதுதான் கேள்வி. இரவில், தரையை ஒட்டி நீலப்பச்சையாக மின்னினால் அது மின்னல் அல்ல, மின்கம்பிகள் அறுபடும் ஒளி. அதன் நேரமும் திசையும் தங்கம். இந்த வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவுட்பிரேக் பதினான்கு, பதினாறு மணி நேரம் இழுக்கும். காலை நாலு மணியில் இருந்து ஒரே ஆள் திரையை முறைத்தால் இரவுச் சுற்றில் அவர் கண் சொருகியிருக்கும். இருவர் இருவராக நான்கு மணி நேரம்: ஒருவர் ரேடார், ஒருவர் ரேடியோவும் செய்திகளும். குழுவில் பதிவிடுவது ஒருவர் மட்டும்.

ஒளியும் இடம்

மொபைல் ஹோமில் இருப்பவர்களுக்கு ஒரே பதில்தான், கிளம்புங்கள். நிலத்தோடு கட்டிய பட்டைகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சரி. டொர்னாடோவில் இறப்பவர்களில் இவர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிடப் பல மடங்கு. மூன்றாம் மாடி அபார்ட்மென்ட்காரர்கள் தரைத்தளத்தில் ஒரு குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த நம்மவர்கள் பலரும் கூச்சப்பட்டுத் தவறவிடுவது இந்தப் பேச்சைத்தான். யாரும் மறுப்பதில்லை. ஒளிய ஏற்ற இடம்: வெளிச்சுவர் இல்லாத குளியலறை, படிக்கட்டின் அடி, துணி அறை. ஜன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகும் என்பது பழைய கட்டுக்கதை. அதற்குச் செலவாகும் நேரம்தான் நஷ்டம்.

பொது ஷெல்டரில் ஆளுக்கு 5 சதுர அடி கணக்கு, சக்கர நாற்காலிக்கு 10. நூறு பேர் என்றால் 500 சதுர அடி, அதில் பெட்டியும் பையும் சேர்ந்தால் இடம் போதாது. வீட்டு சேஃப் ரூமை (டொர்னாடோவைத் தாங்கக் கட்டிய அறை) பொறுத்தவரை கதவுதான் பலவீனம். மணிக்கு 250 மைல் காற்றுக்கு என்று விற்கும் அறையின் கதவு, 15 பவுண்டு எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் வீசும் சோதனையைத் தாங்கியதா என்று சான்றிதழைக் கேளுங்கள். கீல் மூன்று, தாழ் மூன்று. தாழ் ஒன்று மட்டும் உள்ள கனமான எஃகுக் கதவு பார்க்கத்தான் பலம்.

பொது ஷெல்டரில் உண்மையில் சிக்கல் கான்கிரீட்டில் வருவதில்லை, சாவியில் வருகிறது. யார் திறப்பார், எப்போது, அவர் ஊரில் இல்லாவிட்டால் யார்? வாட்ச் வந்ததும் திறக்கும் இடமா என்று கேட்டு வையுங்கள். நாய், பூனைக்கு அனுமதி உண்டா என்பதையும்தான். நாயை விட மனமில்லாமல் வீட்டிலேயே தங்குபவர்கள் நிறைய.

தலைக்கு ஹெல்மெட். சைக்கிளுக்கோ பேஸ்பாலுக்கோ வாங்கியது போதும். 2011-க்குப் பிறகு பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்களே இதை வலியுறுத்தினார்கள், காரணம் தலை, கழுத்துக் காயங்கள். கைக்குழந்தையைக் கார் சீட்டில் வாரிட்டு அப்படியே உள்ளே கொண்டுபோகலாம். காலில் தடித்த அடிப்பாகமுள்ள ஷூ. டொர்னாடோவில் அடிபடாமல் தப்பித்துவிட்டு, பிறகு ஆணிப் பலகையில் வெறுங்காலை வைத்தவர்கள் ஏராளம். கழுத்தில் ஒரு விசில். இடிபாட்டுக்குள் இருந்து கத்தினால் தொண்டை சீக்கிரம் போய்விடும்.

காரில் தப்பி ஓடுவது கடைசி வழி. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ டொர்னாடோ 2.6 மைல் அகலம். அன்று தப்பி ஓட முயன்றவர்களால் நெடுஞ்சாலைகள் ஸ்தம்பித்தன. அனுபவம் மிக்க புயல் ஆராய்ச்சியாளர் டிம் சமராஸ் உட்பட மூவர் காரில் போகும்போது சிக்கி இறந்தார்கள். பாலத்தின் அடியில் ஒதுங்குவது இன்னும் மோசம். அங்கே காற்று குறுகிய வழியில் வேகமெடுக்கும். 1999 மே 3 ஓக்லஹோமாவில் மூன்று பாலங்களுக்கடியில் மூவர் இறந்தது பதிவாகியிருக்கிறது.

கடந்துபோன பிறகு

வெளியே வந்ததும் முதலில் ரேடார், இல்லாவிட்டால் ரேடியோ. அடுத்த சுற்று பின்னாலேயே வரலாம். ஷெல்டராக இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியேறி மீட்டரில் அடைக்கலாம். அடைத்ததை நீங்களே திறக்கக்கூடாது, நிறுவனம்தான் வந்து சோதித்துத் திறக்க வேண்டும். அழைக்காதீர்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள். நெரிசலான செல்போன் கோபுரத்தில் அது நுழைந்துவிடும். வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரே ஒருவருக்கு எல்லாரும் 'நலம், இன்ன இடம்' என்று அனுப்பினால், அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்.

வீட்டுச் சுவரில் பெரிய எக்ஸ் குறி போட்டிருந்தால் அழிக்காதீர்கள். முதல் கோடு தேடுதல் குழு உள்ளே போனதற்கு, குறுக்குக் கோடு வெளியே வந்ததற்கு. இடது பக்கம் குழுவின் பெயர், மேலே நேரம், வலது பக்கம் ஆபத்து, கீழே ஆட்களின் எண்ணிக்கை. அது அழிந்தால் அடுத்த குழு மறுபடியும் அதே வீட்டில் நேரம் செலவிடும்.

காயத்தைச் சின்னது என்று விடக்கூடாது. ஜாப்ளினில் மண்ணும் மரத்துகளும் ஏறிய காயங்களில் அரிதான பூஞ்சைத் தொற்று வந்து 13 பேர் பாதிக்கப்பட்டு 5 பேர் இறந்தார்கள். சுத்தமான நீரால் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்து, சிவந்து வீங்கினால் உடனே மருத்துவரிடம்.

2011-இல் உயர் அழுத்த மின்பாதைகள் விழுந்ததில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தின் மூன்று உலைகளும் தாமாக நின்றன, வட அலபாமா நாட்கணக்கில் இருண்டது. கரண்ட் இல்லாவிட்டால் பெட்ரோல் பம்பும் ஓடாது, கார்டும் தேயாது. வாட்ச் நாளுக்கு முன்பே டேங்கை நிரப்பி, சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணம் வையுங்கள். ஜெனரேட்டர் வீட்டில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும். கராஜ் கதவைத் திறந்துவைத்து உள்ளே ஓட்டுவது போதாது, கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் இறங்கிவிடும். ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் செருகினால் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், அதைச் சரிசெய்பவர் உயிர் போகலாம்.

குப்பையைச் சாலையோரம் வகை பிரித்துப் போடுங்கள்: மரம் செடி ஓரிடம், கட்டட இடிபாடு ஓரிடம், ஃபிரிட்ஜ் போன்றவை, பெயின்ட் போன்றவை தனித்தனியே. கலந்து கிடந்தால் லாரி எடுக்காமல் போய்விடும். அதற்கு முன் அத்தனையையும் போட்டோ எடுங்கள். பத்திரங்களின் நகலை வேறொரு ஊரில் உள்ள சர்வரில் வைத்துக்கொள்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. அன்று அலபாமாவில் இருந்து பறந்த புகைப்படம் ஒன்று 200 மைலுக்கு அப்பால் டென்னசியில் கிடைத்தது.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் காற்று, ஆலங்கட்டிக்குத் தனி டிடக்டிபிள் (நஷ்டத்தில் முதலில் நீங்களே ஏற்கும் தொகை) சதவீதமாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 3 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 6,000 டாலர் உங்கள் கையில் இருந்து. 'டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று மறுநாளே கதவைத் தட்டும் கூரைக்காரரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் தனியே வேண்டும், வீட்டுக்காரர் பாலிசி உங்கள் பொருளுக்கு ஒரு காசும் தராது.

ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) தரும் பண உதவிக்கு, பேரிடர் அறிவிப்பில் இருந்து வழக்கமாக 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் வரும் மறுப்புக் கடிதம் முடிவல்ல. இன்ஷூரன்ஸ் தீர்வுக் கடிதம் சேர்க்காததுதான் பல நேரம் காரணம், 60 நாளுக்குள் முறையீடு செய்யலாம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு அந்தப் பணம் நேரடியாகக் கிடைக்காது. ஆனால் வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். தங்குமிடம், உணவு, மனநல ஆலோசனை போன்ற பணமில்லா உதவிகளுக்கு விசா நிலை தடையில்லை. குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் பையில் முன்பே எழுதி வையுங்கள்.